திராட்சைத் தோட்டம் படத்தில் சிவந்தால் எங்கே தேடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எலகங்காவில் டீ குடித்துக்கொண்டே போனைத் திறந்தேன். செயற்கைக்கோள் படத்தில் தோட்டத்தின் வடமேற்கு மூலை ரத்தச் சிவப்பாக இருந்தது. மாமா தொட்டபள்ளாபுரம் தாண்டிக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மூன்று ஏக்கர் அது. இரண்டு ஏக்கரில் பந்தல் போட்டு பெங்களூர் ப்ளூ, ஒரு ஏக்கரில் கம்பி கட்டி ஒயின் ரகம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி அண்ணனிடம் போனை நீட்டினேன். கிருஷ்ணகிரிக்காரர், திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே தலை நரைத்தவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அந்த மூலையிலதான வியாழக்கிழமை கவாத்து ஆரம்பிச்சோம்? இலையே இல்லாத இடம் வேற எப்படித் தெரியும்?”

பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் வாங்கிய பாடம். அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். கவாத்து, மருந்து, களையெடுப்பு, வலை போட்டது, மழை, வால்வு மாற்றியது எல்லாம் தேதியோடு அதில் ஏறும். இப்போது படத்தில் எது தப்பாகத் தெரிந்தாலும் முதலில் நோட்டு, அப்புறம் படத்தின் உள்விவரம், கடைசியில்தான் பைக். கம்பத்தில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் அத்தை மகன் போன் செய்து கேட்டபோதெல்லாம் வாயால் சொன்னதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரே ஒரு சூத்திரம். நல்ல இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் வருவது என்டிவிஐ. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று வரும். அடர்ந்த பந்தலுக்கு 0.8-ஐத் தாண்டும். இலவசமாகப் படம் தரும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 இதை 10 மீட்டர் பிக்சலில், சுமார் 5 நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறது. போன் செயலிகளில் பெரும்பாலும் ஓடுவது இதே படம்தான்.

எந்தத் தேதியைத் திறந்தாலும் ஒரு மூலை சிவப்பு

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பயந்து போன் செய்பவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை இதுதான். பல செயலிகள் அன்றைய படத்தில் உள்ள குறைந்த மதிப்புக்குச் சிவப்பும் அதிக மதிப்புக்குப் பச்சையும் தானாகவே கொடுத்துவிடும். தோட்டம் முழுக்க 0.78-க்கும் 0.84-க்கும் நடுவில் இருந்தாலும் 0.78 சிவப்பாகும். வகுப்பில் எல்லாரும் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருக்கும்போது கடைசி ரேங்க் வாங்கிய பையனைத் திட்டுவது மாதிரி.

பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, எண்ணை. சிவப்பின் மேல் விரலை வைத்து மதிப்பு காட்டுகிறதா பாருங்கள். நிற அளவை நாமே நிலையாக வைக்க வழி இருந்தால் 0.1-லிருந்து 0.9 வரை என்று வைத்துவிட்டு எல்லாத் தேதிக்கும் அதையே பயன்படுத்துங்கள். எண்ணைக் காட்டவே காட்டாத செயலி என்றால் அதை விட்டுவிட்டு, சென்டினல் படங்களைப் பார்க்கும் இணையதளமான கோப்பர்நிக்கஸ் பிரவுசருக்குப் போய்விடலாம். அதற்கும் காசு இல்லை. எண்ணில் பார்த்தபின்னும் அந்த மூலை பக்கத்து இடங்களைவிட 0.1-க்கு மேல் கீழே இருந்தால், அதுவும் மூன்று நான்கு தேதிகளில் அப்படியே இருந்தால், கடைசிப் பகுதிக்குத் தாவுங்கள்.

தோட்டம் முழுக்க ஒரே வாரத்தில் சரிந்துவிட்டது

நோய் இப்படி வருவதில்லை. மூன்று ஏக்கரும் ஒரே நாளில் விழுந்தால் மனிதனோ மேகமோ கணக்கோதான் காரணம்.

மனிதன் என்றால் கவாத்து. நம் பக்கத்தில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கத்தரி போடுவது வழக்கம்; பெங்களூர் ப்ளூவில் இரண்டு கவாத்துக்கும் காய் எடுப்பவர்கள் உண்டு, தேதியும் ஆளுக்கு ஆள் மாறும். கவாத்து ஆன தோட்டம் 0.8-லிருந்து 0.3-க்கு இறங்குவது ஆரோக்கியமான சரிவு. அதனால் பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிடும்போது காலண்டர் தேதியை வைத்து ஒப்பிடாதீர்கள். கவாத்திலிருந்து எத்தனையாவது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் “க+30”, “க+45” என்று எழுதுகிறேன். போன பருவத்து க+45-ஐயும் இந்தப் பருவத்து க+45-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிவது வேறு எப்படிப் பார்த்தாலும் தெரியாது.

கவாத்து இல்லையென்றால் அடுத்துப் பறவை வலை. அறுவடை நெருங்கும்போது பந்தலின் மேல் வெள்ளை வலை விரித்தால் எல்லாப் பட்டைகளிலும் (செயற்கைக்கோள் தனித்தனியாக அளக்கும் ஒளி வகைகள்) ஒளி கூடும், சிவப்பும் கூடும், என்டிவிஐ இறங்கும். போர்டோ கலவை அடித்த மறுநாள் படமும் அப்படித்தான். இலை மேல் நீலம் கலந்த வெள்ளைப் பூச்சு உட்கார்ந்திருக்கும், அது கழுவிப் போகப் போக எண் ஏறிவிடும். மண் சாலை ஓரத்துக் கொடிகளில் லாரிப் புழுதிக்கும் இதே குணம்.

அப்புறம் மேகம். தடித்த மேகத்தைக் கண்ணே பிடித்துவிடும். ஏமாற்றுவது மெல்லிய படலமும் மேகத்தின் நிழலும். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் காலை பத்தரை மணி வாக்கில் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் நந்தி மலைப் பக்கம் மூடுபனி அந்த நேரத்துக்குச் சரியாக விலகியிருக்கும் என்று நம்ப முடியாது. எல்2ஏ தரவில் (காற்றுமண்டலத்தின் தாக்கத்தைக் கழித்துத் தரும் சென்டினல்-2 கோப்பு) எஸ்சிஎல் என்று ஓர் அடுக்கு வரும். ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று அதில் இருக்கும். 3 என்றால் மேக நிழல், 8-ம் 9-ம் மேகம், 10 மெல்லிய உயர்மேகம். இவை நான்கையும் கழித்துவிடுங்கள். ஆனால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். இயல்பு நிறப் படத்தைத் திறந்து தோட்டத்துக்கு வெளியே ஓர் ஏரியையோ தார்ச்சாலையையோ பாருங்கள். அதுவும் போன படத்தைவிட வெளிறியிருந்தால் படலம் இருக்கிறது, அந்தத் தேதியை ஒதுக்கிவிடலாம். எங்கள் பக்கத்தில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து தினமும் பந்தலைப் பார்க்கும் அந்த மாதங்களில்தான் நல்ல படம் கிடைக்காது. இதற்கு மருந்து இல்லை.

கடைசிக் காரணம் கணக்கு. இது தரவை நேரடியாக இறக்கி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு. 2022 ஜனவரி 25-லிருந்து சென்டினல்-2 கோப்புகளில் எல்லா மதிப்போடும் 1000 சேர்த்துத் தருகிறார்கள். அதைக் கழித்துவிட்டுத்தான் 10000-ஆல் வகுக்க வேண்டும். கழிக்க மறந்தால் என்ன ஆகும்? சிவப்பு 0.05, அண்மை அகச்சிவப்பு 0.40 உள்ள பந்தலுக்குச் சரியான என்டிவிஐ 0.78. கழிக்காமல் போட்டால் 1500-ம் 5000-ம் நிற்கும். 3500-ஐ 6500-ஆல் வகுத்தால் 0.54. பழைய 2021 படத்தையும் புதுப் படத்தையும் ஒரே சூத்திரத்தில் போட்டு “மூன்று வருடத்தில் தோட்டம் செத்துவிட்டது” என்று வரைபடம் போட்டவன் நானே. மாமாவிடம் காட்டும் முன் கண்டுபிடித்தேன், அது வரைக்கும் புண்ணியம். கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் வேலை செய்பவர்கள் பெயரில் ‘ஹார்மனைஸ்டு’ என்று இருக்கும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

ஓரம் மட்டும் எப்போதும் வேறு நிறம்

ஒரு பிக்சல் 10 மீட்டர். தோட்டத்து எல்லையில் விழும் பிக்சலில் பாதி உங்கள் கொடி, பாதி பக்கத்து யூகலிப்டஸ் தோப்பு. மேற்கு ஓரம் எப்போதும் ஜம்மென்று பச்சையாக இருந்தால் அது காற்றுத் தடுப்புக்கு நட்ட சில்வர் ஓக்கின் பெருமை. கிழக்கு ஓரம் எப்போதும் மஞ்சளாக இருந்தால் மண் பாதை.

எல்லையிலிருந்து 10 மீட்டர் உள்ளே தள்ளி ஒரு கோடு வரைந்து அதற்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். விலை கொடுக்க வேண்டியிருக்கும்: சதுரமான ஒரு ஏக்கர் என்றால் பக்கத்துக்கு சுமார் 64 மீட்டர், மொத்தம் 40 பிக்சல். ஓரத்தை வெட்டினால் 19 தேறும். ஈரப்பதக் குறியீட்டுக்கான பட்டைகள் 20 மீட்டர். அவற்றுக்கு 20 மீட்டர் ஓரத்தை வெட்டினால் ஏக்கருக்கு ஒரே ஒரு பிக்சல்தான் மிஞ்சும். அரை ஏக்கர் வைத்துக்கொண்டு செயற்கைக்கோளில் நீர்ப் பற்றாக்குறை வரைபடம் கேட்பவர்களிடம் நான் நேராகச் சொல்லிவிடுவேன், வேண்டாம், நடந்து பாருங்கள்.

ஓரம் ஒரு பக்கம் பச்சை, எதிர்ப்பக்கம் மஞ்சள் என்று எல்லாத் தோட்டத்திலும் ஒரே திசையில் வந்தால் உங்கள் எல்லைக்கோடே நகர்ந்திருக்கிறது. போன் ஜிபிஎஸ்ஸில் நடந்து எடுத்த எல்லை சில மீட்டர் தள்ளியிருப்பது சகஜம். உயர்தெளிவுப் படத்தின் மேல் கையால் வரைந்த எல்லை அதைவிட நம்பகமானது.

சிந்தாமணி, கோலார் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை அந்த வழியாகப் போகிறது. உலக வரைபடத்தைத் தீர்க்கரேகை வாரியாகப் பட்டைகளாக வெட்டும் யூடிஎம் முறையில் அதற்கு மேற்கே 43-வது மண்டலம், கிழக்கே 44. பெங்களூரும் தொட்டபள்ளாபுரமும் 43. சிந்தாமணியும் கோலார் நகரமும் 44. எல்லையை ஒட்டிய தோட்டத்துக்கு இரண்டு மண்டல டைலும் (படத்தைப் பிரித்துத் தரும் சதுரத் துண்டு) கிடைக்கும். ஒரு தேதிக்கு 43-ஐயும் அடுத்த தேதிக்கு 44-ஐயும் எடுத்தால் பிக்சல் கட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது. ஓரத்தில் இல்லாத மாற்றம் எல்லாம் தெரியும். டைல் பெயரின் முதல் இரண்டு இலக்கம்தான் மண்டல எண். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கம்பித் தோட்டம் எப்போதும் மஞ்சள், மழை பெய்தால் மட்டும் பச்சை

பந்தலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒயின் ரகத்துத் தோட்டம் எப்போதும் நோயாளியாகத்தான் தெரியும். பந்தல் தரையை மூடுகிறது. கம்பியில் நிமிர்த்திக் கட்டிய வரிசையோ மேலிருந்து பார்த்தால் மெல்லிய கோடு. வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், இலைச்சுவர் அகலம் 60 செ.மீ. என்றால் தரையில் 24 விழுக்காடுதான் கொடி. ஒரு பிக்சலில் நான்கு வரிசை இருக்கும், மீதி முக்கால் பங்கு செம்மண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொடிக்குச் சிவப்பு 0.04, அண்மை அகச்சிவப்பு 0.45, மண்ணுக்கு 0.18, 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி மட்டும் என்றால் என்டிவிஐ 0.84. 24 விழுக்காடு கொடி கலந்த பிக்சலுக்கு வருவது 0.34. இப்போது பாதி இலை கொட்டிவிட்டது, கொடி 12 விழுக்காடாகிவிட்டது என்றால்? 0.25. பாதி விளைச்சலுக்கே உலை வைக்கிற நஷ்டம், படத்தில் 0.09. அதே நேரம் வரிசைகளுக்கு நடுவில் கோரையும் அருகும் முளைத்தால் எண் 0.5-க்கு மேல் தாராளமாக ஏறும். மழைக்குப்பின் “தோட்டம் தேறிவிட்டது” என்று படம் சொல்வது களையைத்தான்.

அதனால் கம்பித் தோட்டத்தில் களையெடுத்த தேதி கவாத்துத் தேதிக்குச் சமமாக முக்கியம். களையெடுத்து ஒரு வாரத்துக்குள் வரும் படங்களை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் கொடியின் மாற்றம் கொஞ்சமாவது தெரியும். செம்மண்ணின் ஒளி தலையிடுவதைக் குறைக்க 1988-இல் ஹூட்டே என்ற ஆய்வாளர் சொன்ன ‘சாவி’ (SAVI) என்ற குறியீடு உண்டு: வகுக்கும் கூட்டலில் 0.5 சேர்த்து, வரும் விடையை 1.5-ஆல் பெருக்குவது. மழையில் நனைந்து மண் கறுத்த நாளுக்கும் காய்ந்து வெளுத்த நாளுக்கும் நடுவில் வரும் பொய்யான ஆட்டத்தை அது அடக்கும். களையை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. இலைக்கும் இலைக்கும் வித்தியாசம் சொல்ல அதற்குத் தெரியாது.

உண்மையில் கம்பித் தோட்டத்துக்கு ட்ரோன்தான் சரி. 5 செ.மீ. பிக்சலில் கொடியை மட்டும் தனியே வெட்டி எடுத்துவிடலாம்.

பந்தல் மாதக்கணக்கில் ஒரே பச்சை, கொடியோ மெலிகிறது

இது நேர் எதிர்ச் சிக்கல். இலை மேல் இலை அடுக்கி ஒரு நிலைக்கு மேல் போனதும் சிவப்பு ஒளி முழுக்க விழுங்கப்பட்டுவிடும். அதற்கு மேல் இலை கூடினாலும் குறைந்தாலும் என்டிவிஐ 0.85 பக்கமே நிற்கும். மூன்று தட்டு சோறு போட்டாலும் நான்கு தட்டு போட்டாலும் “வயிறு நிறைந்தது” என்றே சொல்கிறவனிடம் எவ்வளவு சாப்பிட்டான் என்று கேட்க முடியாது.

இந்த நிலையில் சிவப்புக்குப் பதில், சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள சிவப்பு விளிம்புப் பட்டையைப் போடுங்கள். சென்டினலில் அது பி5. அண்மை அகச்சிவப்புப் பட்டையான பி8ஏ-வோடு சேர்த்து அதே வித்தியாசம், அதே வகுத்தல். இதை என்டிஆர்இ என்கிறார்கள். இலைப்பச்சையம் குறைவது இதில் முன்கூட்டியே தெரியும். பிக்சல் 20 மீட்டர் என்பதுதான் குறை. என்டிஆர்இ இறங்குகிறது, என்டிவிஐ அசையவில்லை என்றால் தழைச்சத்தோ வேறு ஊட்டமோ குறைகிறது என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். உரத்தை அவிழ்த்துக் கொட்டும் முன் இலைக்காம்பு எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். எங்களுக்கு ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. படத்தில் குறைவாகத் தெரிந்த இடத்திலிருந்து ஒரு மாதிரி, நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து ஒரு மாதிரி என்று இரண்டாகக் கொடுத்தால்தான் விடையில் பொருள் இருக்கும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு வருவது பலர் செய்யும் தவறு.

கொடி வாடுகிறது, படம் அசையவில்லை

நீர் குறைந்ததும் கொடி முதலில் செய்வது இலைத்துளைகளை மூடுவது. ஆவியாதல் நின்றால் இலை சூடாகும். நிறம் மாறுவதும் இலை உதிர்வதும் அதற்கு எத்தனையோ நாள் கழித்து. என்டிவிஐ பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தை. ஆக, படம் பச்சையாக இருக்கிறதே என்று தண்ணீரைத் தள்ளிப்போடக் கூடாது.

பி8ஏ-வையும் குறுஅலை அகச்சிவப்புப் பட்டையான பி11-ஐயும் வைத்துப் போடும் ஈரப்பதக் குறியீடு இலையில் உள்ள நீரைக் கொஞ்சம் முன்னதாகச் சொல்லும். பந்தலுக்குப் பயன்படும், கம்பித் தோட்டத்தில் மேலே சொன்ன மண் கலப்பால் குழம்பும்.

சூட்டையே அளக்கலாமே என்று அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட்டின் படத்தைத் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோப்பில் 30 மீட்டர் என்று இருக்கும், ஆனால் லேண்ட்சாட் 8, 9 இரண்டின் வெப்ப உணரியும் உண்மையில் அளப்பது 100 மீட்டரில். ஒரு பிக்சல் இரண்டரை ஏக்கர். எங்கள் பந்தல் முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு பிக்சல் நிரம்பாது.

வெப்பக் கேமரா ட்ரோன் கிடைத்தால் முதல் நாளே ஒரு வரிசைக்கு வயிறு நிறையத் தண்ணீர் விட்டு வையுங்கள். மறுநாள் நடுப்பகலில் எடுக்கும் படத்தில் மற்ற வரிசைகள் அந்த வரிசையைவிட எத்தனை டிகிரி சூடு என்று பார்த்தால் போதும். கேமரா சொல்லும் வெறும் டிகிரி கேமராவின் சொந்தச் சூட்டோடு சேர்ந்து ஆடும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ட்ரோனும் இல்லையா, பற்றுக்கம்பிகளைப் பாருங்கள். நுனித் தளிரைத் தாண்டி விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தால் கொடிக்குத் தாகமில்லை. தொங்கினால் வால்வைத் திறக்கலாம். மேஸ்திரி அண்ணனுக்கு இது எந்தச் செயற்கைக்கோளும் சொல்லித்தரவில்லை.

ரேடார் மண் காய்ந்தது என்கிறது, காலில் சேறு ஒட்டுகிறது

சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும் என்பதால் மழைக்காலத்தில் எல்லாருக்கும் அதன் மேல் ஆசை. அதன் அலைநீளம் 5.6 செ.மீ.; மண்ணில் மேலாக இரண்டு மூன்று விரற்கடைதான் அதற்குத் தெரியும். சொட்டுநீரில் ஈரம் டிரிப்பருக்கு அடியில் வெங்காயம் மாதிரி இறங்கி நிற்கிறது, மேலே காய்ந்திருக்கும். வேர் குடிப்பது கீழே. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு ஆழத்தைப் பற்றி.

போதாக்குறைக்கு நம் பக்கத்துப் பந்தல் கல்தூணும் இரும்புக் கம்பியும். ரேடார் அலை தரையில் பட்டுத் தூணில் பட்டுத் திரும்பினால் எண் எகிறும், அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. செயற்கைக்கோள் வடக்கிலிருந்து இறங்கும் பாதைக்கும் தெற்கிலிருந்து ஏறும் பாதைக்கும் இந்தப் பிரதிபலிப்பு மாறும். ஒரே பாதை எண்ணில் வந்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். அது விடியற்காலையோ மாலையோ ஆறு மணி வாக்கில் கடக்கும். காலைப் படமென்றால் இலைப்பனியும் சேர்ந்து தெரியும். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோள் நைசாரின் நீண்ட அலை சுமார் 24 செ.மீ.; இலையைத் தாண்டி மண்ணைப் பார்ப்பதில் அது மேல். ஆனால் கல்தூண் அதற்கும் கல்தூண்தான். நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் தரும் மண் ஈர வரைபடமோ ஒரு கட்டத்துக்குப் பல கிலோமீட்டர். தாலுகாவுக்கு ஆகும், தோட்டத்துக்கு ஆகாது.

ஓர் அடி ஆழத்திலும் இரண்டு அடி ஆழத்திலும் இரண்டு ஈர உணரிகள் புதைத்து வைப்பது இந்த விஷயத்தில் எல்லாச் செயற்கைக்கோளையும்விட உருப்படியான செலவு.

ட்ரோன் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்ச வித்தியாசம்

பறக்கும்போது மேகம் குறுக்கே வந்திருக்கும். முழு வெயிலோ முழு மேகமூட்டமோ பரவாயில்லை, வந்து வந்து போவதுதான் ஆகாது. கிளம்பும் முன்னும் இறங்கிய பின்னும் சாம்பல் நிற அளவீட்டுத் தகட்டைப் படம் எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் அந்த நாள் படத்தை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு படத்தின் நடுவிலும் வட்டமாக வெளிச்சப் புள்ளி தெரிந்தால் வேறு கதை. பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நம் கடிகாரத்தில் சுமார் பன்னிரண்டே கால் தாண்டி. அப்போது கேமரா பார்க்கும் திசையும் வெயில் விழும் திசையும் ஒன்றாகி, நிழலே இல்லாத அந்த இடம் பளிச்சென்று எழும். அந்த வாரங்களில் பத்து, பத்தரை மணிக்கே பறக்கவிடுங்கள்.

வரிசைகள் உடைந்து, இரட்டையாகத் தெரிந்தால் படங்கள் போதிய அளவு ஒன்றன் மேல் ஒன்று விழவில்லை. எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருப்பதால் மென்பொருள் ஏமாறுகிறது; 80 விழுக்காடு மேற்பொருத்தம் வையுங்கள், கொஞ்சம் உயரத்தைக் கூட்டுங்கள். உயரம் என்றதும் சட்டம்: 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8-க்கும் 12-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டரில் 200 அடி வரைதான். தேவனஹள்ளியைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்களும், எலகங்கா விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியைக்கூடத் திறக்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தாச்சு, சிவப்பு அப்படியே இருக்கிறது

இப்போதுதான் பைக். போகும் முன் சிவப்பின் வடிவத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேர்க்கோட்டில் வெட்டியது மாதிரி இருந்தால் மனிதன் போட்ட கோடு: ஒரு வால்வு, ஒரு லேட்டரல் (வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய்), ஒரு நாள் மருந்தடிப்பு. லேட்டரலின் கடைசி டிரிப்பருக்குக் கீழே டம்ளர் வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி வர வேண்டும். 80 மில்லி வந்தால் நோயைத் தேட வேண்டாம், ஆசிட் போட்டு அடைப்பை எடுங்கள். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கு இது வருடா வருடம் நடக்கும்.

வட்டமாக, மாதா மாதம் விரிந்தால் வேரைப் பாருங்கள். நூற்புழு முடிச்சு, வேர் அழுகல், தண்டில் பட்டைக்கு அடியில் மாவுப்பூச்சி. அடிச்சாம்பல் நோய் இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சையாக இருக்கும்போது மேலிருந்து பார்க்கும் எதற்கும் தெரியாது. இலை கருகிய பின்புதான் படம் சிவக்கும், அதற்குள் மருந்தடிக்கும் காலம் போயிருக்கும். நோய்க்குப் படத்தை நம்பிக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரிவை ஒட்டி, வருடா வருடம் அதே இடத்தில், கவாத்து தேதி மாறினாலும் க+45-இல் அதே வடிவத்தில் சிவந்தால் மண்.

எங்கள் வடமேற்கு மூலை அப்படித்தான் மறுபடியும் வந்தது. கவாத்துக் கதையைச் சிரித்து முடித்த பிறகு இலை விட்டது, மூடியது, மற்ற இடமெல்லாம் 0.8 தொட்டது, அந்த மூலை மட்டும் 0.66-இல் நின்றது. பழைய படங்களைத் திறந்தால் முந்தைய மூன்று பருவத்திலும் அதே. அண்ணன் கடப்பாரையை எடுத்து வந்தார். நடுத் தோட்டத்தில் மூன்றடி வரை செம்மண் இறங்கியது. மூலையில் ஒன்றரை அடியில் ணங் என்று சத்தம். பாறை. இன்னும் நான்கு இடத்தில் குத்திப் பார்த்தோம், படத்தில் சிவப்பு முடிந்த இடத்தில்தான் பாறையும் ஆழத்துக்குப் போனது.

ஒன்றரை அடி மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும்? இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் விட்டது பாறை மேல் வழிந்து ஓடியிருக்கிறது. அந்த மூலைக்குத் தனி வால்வு போட்டோம். இப்போது தினமும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. போன பருவம் க+45-இல் 0.74. மீதி 0.06-க்கு அண்ணன் தொழுவுரம் கொட்டி மண்ணை உயர்த்தலாம் என்கிறார், மாமா வண்டிக்கூலி கேட்டுக்கொண்டிருக்கிறார்.